நூறு மீட்டர் மேடும் ஒரு கிளாஸ் தேத்தண்ணியும்

தீபாவளிக்கு இரண்டு கிழமை இருக்கும்போதே கைபேசிக்கு அறிவுரைகள் வரத் தொடங்கிவிடும். இனிப்பைத் தொடாதீர்கள், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், சாப்பாட்டுக்கு முன் சலாட் சாப்பிடுங்கள், தங்கும் இடத்தில் உடற்பயிற்சிக்கூடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். இவை ஹோட்டலில் அறை எடுத்துத் தங்கும் பயணிக்காக எழுதப்பட்டவை. கொழும்பில் கடையிலோ கார்மென்ட்டிலோ அலுவலகத்திலோ வேலை செய்துவிட்டு, புறக்கோட்டையில் பஸ் ஏறி, ஹட்டனிலோ தலவாக்கலையிலோ பண்டாரவளையிலோ இறங்கி, அங்கே இன்னொரு பஸ் பிடித்துத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறவருக்கு இதில் ஒரு வரிகூடப் பொருந்தாது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பண்டிகை நாளில் யார் வீட்டுக் கதவும் சாத்தியிருக்காது. மேக்கணக்கில் (தோட்டத்தின் மேல் பிரிவில்) சித்தப்பா வீடு, பணியக்கணக்கில் (கீழ்ப் பிரிவில்) மாமி வீடு, கோயிலுக்குப் பக்கத்தில் கூடப் படித்தவர்களின் வீடுகள் என்று எல்லா இடத்துக்கும் போயாக வேண்டும். ஒரு வீட்டை விட்டாலும் அடுத்த தீபாவளி வரை அந்தப் பேச்சு இருக்கும்.

அறிவுரைக்கு மறுபக்கத்தில் இன்னொரு வாதம் எப்போதும் தயாராக இருக்கும்: "நல்ல நாள் பெருநாள்ல என்ன கணக்கு? ஒரு நாள் சாப்பிட்டா ஒன்னும் ஆகாது." இதைத்தான் சுலபமாகத் தள்ளிவிட முடியவில்லை. காரணம், இது பாதி உண்மை. ஒரு கிலோ உடற்கொழுப்புச் சேர ஏறத்தாழ 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். தீபாவளி அன்று காலையில் தோசையும் ஆட்டிறைச்சிக் குழம்பும், மத்தியானம் சோறும் கோழியும், நடுவில் வடையும் அதிரசமும் என்று வழக்கத்தைவிட 1,500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டாலும், சேரும் கொழுப்பு 200 கிராமைத் தாண்டாது. அடுத்த நாள் தராசில் ஏறி நின்று ஒன்றரைக் கிலோ கூடிவிட்டது என்று பயப்படுகிறவர்கள் பார்ப்பது பெரும்பாலும் தண்ணீரை. உப்பும் மாச்சத்தும் கூடும்போது உடம்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். மூன்று நான்கு நாள் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் அது இறங்கிவிடும். ஆகவே பண்டிகைச் சாப்பாட்டைக் குற்றவாளி ஆக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. வருடத்தில் ஒருமுறை முற்பணம் வாங்கி ஆக்கிப்போடும் அம்மாவிடம் போய் "எனக்கு ஆட்டிறைச்சி வேண்டாம்" என்று சொல்லச் சொல்வது நல்ல அறிவுரையும் ஆகாது.

ஆனால் ஊருக்குப் போகிறவர் ஒரு நாள் மட்டும் தங்குவதில்லை. லீவு சேர்த்து எடுத்து நாலைந்து நாள் இருப்பார், சிலர் ஒரு கிழமை. அந்த ஒரு நாள் போக மிச்ச நாட்களில் என்ன நடக்கிறது என்பதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

ஜொக்குக்குள் முடிந்துவிடும் கணக்கு

லயத்து வீட்டில் தேத்தண்ணி எப்படிப் போடுகிறார்கள் என்று ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். கேத்தலில் தண்ணி கொதிக்கும். ஒரு ஜொக்கில் பால் மாவும் சீனியும் ஒன்றாகப் போடுவார்கள். சாயத்தை வடிகட்டி அதன் மேல் ஊற்றி, இன்னொரு ஜொக்குக்கு மாற்றி மாற்றி நுரை வர ஆத்தி, வரிசையாக வைத்த கிளாஸ்களில் ஊற்றி, தட்டத்தில் வைத்து இஸ்தோப்புக்கு (முன் விறாந்தைக்கு) கொண்டுவருவார்கள். கிளாஸ் கைக்கு வரும்போது சீனியின் அளவு முடிவாகி வெகுநேரம் ஆகிவிட்டது. "சீனி கொறைச்சுக் குடுங்க" என்று அப்போது சொல்வதில் பயன் இல்லை. சொன்னால் அவர்கள் இன்னொரு முறை அடுப்படிக்கு ஓட வேண்டும், அந்தச் சங்கடத்துக்காகவே நாமும் வாங்கிக் குடித்துவிடுவோம்.

அந்த கிளாஸில் இருப்பதை எண்ணிப் பார்க்கலாம். மட்டமாக வழித்த ஒரு தேக்கரண்டிச் சீனி 4 கிராம். வீட்டில் யாரும் வழித்துப் போடுவதில்லை. கும்பமாக அள்ளினால் 6 கிராமுக்கு மேல் வரும். ஆளுக்கு இரண்டு கரண்டி என்றால் 12, 13 கிராம், கலோரியில் ஏறத்தாழ 50. இரண்டு கரண்டிப் பால் மா 10 கிராம் அளவில் இருக்கும், அதில் இன்னும் ஒரு 50. ஆக ஒரு கிளாஸ் பால் தேத்தண்ணி 100 கலோரி. ஒரு நாளில் ஆறு வீட்டுக்குப் போனால் 600 கலோரியும் 75 கிராம் சீனியும் உள்ளே போகின்றன. இப்படிச் சேர்க்கும் சீனி மொத்தச் சக்தியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன அளவு. நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 50 கிராம், அல்லது 25 கிராம். தேத்தண்ணியோடு வரும் தட்டை இன்னும் நாம் தொடவில்லை. தட்டில் முறுக்கு இருக்கும், லட்டு இருக்கும், கேக் துண்டும் இருக்கும்.

இந்தக் கணக்கின் மறுபாதி கால்களில் இருக்கிறது. 65 கிலோ எடையுள்ள ஒருவர் 100 மீட்டர் உயரம் ஏறினால் அந்த ஏற்றத்துக்காக மட்டும் ஏறத்தாழ 60 கலோரி செலவாகும். எடையைத் தூக்கும் வேலையைக் கணக்கிட்டு, எரிக்கும் சக்தியில் கால்வாசியைத்தான் தசை வேலையாக மாற்றும் என்று வைத்தால் இந்த எண் வரும். அப்படியானால் ஒரு கிளாஸ் பால் தேத்தண்ணிக்கு 160 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். நல்லதண்ணியிலிருந்து 2,243 மீட்டர் உயரமுள்ள சிவனொளிபாத மலை உச்சிக்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏற்றம். இரவெல்லாம் படி ஏறி, கால் நடுங்க உச்சியில் நிற்கிறோமே, அந்த ஏற்றத்தின் செலவு ஆறு கிளாஸ் தேத்தண்ணி. ஒரு நாள் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் வந்தால் அந்த மலை முழுதும் கிளாஸில் திரும்பி வந்துவிடுகிறது.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பிறகு மலையகச் சாப்பாட்டைப் பார்க்கும் விதமே மாறுகிறது. ரொட்டியும் கட்டச் சம்பலும் சீனி போட்ட தேத்தண்ணியும் கெட்ட சாப்பாடு என்று பேசுகிறவர்கள் உண்டு. அந்தச் சாப்பாடு யாருடைய உடம்புக்காக வந்தது என்று கேட்க வேண்டும். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய், கூடையை மாட்டிக்கொண்டு, ஒரு நாளைக்கு 18, 20 கிலோ கொழுந்து எடுத்து, நிறுப்பதற்கு மடுவத்துக்கு இறங்கி, மறுபடி மலை ஏறிய அம்மாயிக்கும் அப்பாயிக்கும் அது சரியான சாப்பாடு. கையில் இருந்த காசுக்கு வயிற்றைத் தாங்கியது அதுதான். நாம் அதே சாப்பாட்டை, அதே அளவில், மெயின் ரோட்டிலிருந்து லயத்து வாசல் வரை திரீவீலரில் போய் இறங்கிச் சாப்பிடுகிறோம். சாப்பாடு மாறவில்லை, கால் மாறிவிட்டது. சரி செய்ய வேண்டியதும் அந்த இரண்டு இடத்தில்தான்: ஜொக்கில் கொஞ்சம், காலில் அதிகம்.

வேண்டாம் என்று சொல்லாமல்

தேத்தண்ணியை மறுப்பது மலையகத்தில் வீட்டையே மறுப்பதுபோல. அதைச் செய்ய வேண்டியதில்லை. சொல்ல வேண்டிய நேரம் வாசலில் கால் வைக்கும்போது, மாமி எழுந்து அடுப்படிக்குப் போகுமுன். "மாமி, எனக்குச் சாயத்தண்ணி போதும், சீனிய கையில தாங்க" என்றால் யாருக்கும் மனம் நோகாது. உள்ளங்கையில் அரைக் கரண்டிச் சீனியை வைத்து, நாக்கில் தொட்டுத் தொட்டுப் பால் போடாத சாயத்தண்ணி குடிப்பது நம் பெரியவர்களின் வழக்கமே. நாக்கில் நேரடியாகப் படுவதால் கொஞ்சச் சீனி போதும், அரைக் கரண்டி ஒரு கிளாஸ் முழுக்க வரும். இஞ்சி தட்டிப் போடச் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும், குளிருக்கும் ஏற்றது. சீனிக்குப் பதில் கித்துள் கருப்பட்டி கடித்துக்கொள்வதும் நல்லதுதான், ஆனால் கருப்பட்டியிலும் கிராமுக்குக் கிராம் ஏறத்தாழ சீனியின் கலோரியே இருக்கிறது. நகத்தளவு துண்டு என்றால் லாபம். நீரிழிவுக்காரர் கருப்பட்டிதானே என்று பெரிய கட்டியை எடுத்தால் சர்க்கரை அதே மாதிரி ஏறும்.

நாளுக்கு ஒரு வீட்டில் முழு கிளாஸ் பால் தேத்தண்ணி குடியுங்கள். அது வயதில் மூத்தவர் வீடாக இருக்கட்டும். மற்ற வீடுகளில் சாயத்தண்ணி. பலகாரத் தட்டு வரும்போது ஒரு முறுக்கை எடுத்து உடைத்துக் கையில் வைத்துக்கொண்டே பேசுங்கள். கை வெறுமையாக இருந்தால்தான் "எடுங்க, எடுங்க" என்று தட்டு திரும்பத் திரும்ப வரும். இன்னும் வற்புறுத்தினால் "கட்டிக் குடுங்க, பஸ்ஸுல சாப்பிடுறேன்" என்று சொல்லுங்கள். கட்டிக் கொடுப்பதில் அவர்களுக்குச் சந்தோஷம் அதிகம், அது நிஜமாகவே பயணத்துக்கும் உதவும்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று. இரத்தச்சோகை தோட்டத்துப் பெண்களிடம் நெடுநாளாக இருக்கும் பிரச்சினை. சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுப்பதைத் தேயிலையின் துவர்ப்புச் சத்துத் தடுக்கும். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் ஒரு மணித்தியாலம் இடைவெளி விடுங்கள். சாப்பாட்டோடு தேசிக்காய் பிழிந்த சம்பலோ பின்னால் ஒரு கொய்யாப் பழமோ இருந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியால் விழுங்குவதை அம்மா, அக்கா யாராவது செய்தால் அன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள்.

வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: சீனியை ஜொக்கில் போடாமல் சிறு கிண்ணத்தில் கரண்டியோடு தட்டத்தில் வைப்பது. வருகிறவர் வேண்டிய அளவு போட்டுக்கொள்வார். பெரும்பாலானவர்கள் தாங்களாகப் போடும்போது குறைவாகவே போடுவார்கள், சீனியும் மிஞ்சும்.

போகும் வீட்டுக்குக் கொண்டுபோகும் சாமானிலும் கவனம் வேண்டும். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலும் கிறீம் பிஸ்கட்டும்தான் வழக்கம். இலங்கையில் 2016 முதல் இனிப்புப் பானங்களின் போத்தலில் நிற அடையாளம் இருக்கிறது: 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2க்குக் கீழ் பச்சை. மஞ்சள் என்றதும் பரவாயில்லை என்று எடுத்துவிடாதீர்கள். 10 கிராம் உள்ள பானமும் மஞ்சள்தான், ஒரு 200 மில்லி கிளாஸில் அது 20 கிராம், அதாவது ஐந்து கரண்டிச் சீனி. அந்தக் காசுக்குக் கொழும்பிலிருந்து பப்பாசி, கொய்யா, ஒரு கிலோ கொண்டைக்கடலை, பயறு, குரக்கன் (கேழ்வரகு) மா கொண்டுபோகலாம். மேலே குளிரில் விளையாத பழத்துக்கு வீட்டில் இருக்கும் மதிப்பே தனி.

தட்டில்

தீபாவளிச் சாப்பாட்டில் மாற்றச் சொல்ல அதிகம் இல்லை. வேதனையான ஒன்று உண்டு. நாட்டுக்கே லீக்ஸும் கரட்டும் கோவாவும் (முட்டைக்கோஸ்) போஞ்சியும் அனுப்பும் மலைநாட்டில், பண்டிகை அன்று தட்டில் மரக்கறி இருக்காது. சோறு, இறைச்சி, உருளைக்கிழங்கு, அப்பளம், வடை என்று முடிந்துவிடும். பாதித் தட்டை மரக்கறிக்குக் கொடுத்தால் இறைச்சியை அளந்து சாப்பிட வேண்டிய தேவையே இல்லை, வயிறே அளந்துகொள்ளும். கோவாவைப் பொடியாக அரிந்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் தேங்காய்ப்பூவும் போட்டு ஐந்து நிமிடம் சுண்டினால் ஒரு கறி. துருவிய கரட்டில் தேசிக்காய் பிழிந்தால் ஒரு சம்பல். லீக்ஸ் வதக்குகிறவர்கள் அதை வட்டமாக அரிந்துவிட்டுக் கழுவக் கூடாது. தண்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, மடல் மடலாக விரித்து ஓடும் தண்ணீரில் பிடிக்க வேண்டும். மண் மேல் பக்கத்தில் இல்லை, மடலுக்கு நடுவில், வெள்ளையும் பச்சையும் சேரும் இடத்தில் கறுப்புக் கோடாக ஒட்டியிருக்கும்.

மற்ற நாட்களின் ரொட்டிக்கு வருவோம். 80 கிராம் கோதுமை மாவும் 25 கிராம் தேங்காய்ப்பூவும் சேர்ந்த ஒரு ரொட்டி 380 கலோரிக்குக் குறையாது. கொழும்பில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு ஒரு நேரத்துக்கு ஒன்று போதும், கூடவே பருப்பும் முட்டையும் வைத்துக்கொள்ளலாம். குரக்கன் மாவைப் பாதிக்குப் பாதி சேர்த்தால் கலோரி பெரிதாகக் குறையாது, நார்ச்சத்து கூடுவதால் பசி தாங்கும். பாதிக்கு மேல் குரக்கன் போட்டால் இழுவை இல்லாமல் தட்டும்போதே ஓரம் வெடிக்கும். இளஞ்சுடுதண்ணியில் பிசைந்து இருபது நிமிடம் மூடி வைத்துத் தட்டுங்கள், சூடாகவே சாப்பிடுங்கள், ஆறினால் கட்டையாகிவிடும். கட்டச் சம்பலில் மாசிக் கருவாடும் உப்பும் அதிகம். பிரஷர் மாத்திரை குடிக்கிறவர் அதில் கரண்டியால் அள்ளாமல் தொட்டுக்கொள்ளும் அளவில் நிற்க வேண்டும்.

மாலைப் பலகாரத்துக்கு அவித்த கடலையைவிட நல்லது கிடையாது, ஆனால் கொழும்புக் கணக்கில் அவித்தால் வேகாது. உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். நுவரெலியாவில் அது ஏறத்தாழ 94 பாகை. கொதித்துக்கொண்டே இருந்தாலும் கடலை மாவாகாது. குளிர்ந்த தண்ணீரில் ஊறுவதும் மெதுவாகத்தான். முதல் நாள் இரவே வெதுவெதுப்பான தண்ணீரில் பன்னிரண்டு மணித்தியாலம் ஊறப்போட்டு, பிரஷர் குக்கரில் அவியுங்கள். முறுக்குச் சுடும் எண்ணெய்க்கும் ஒரு சோதனை: கிள்ளிய மாவு அடியில் தங்காமல் குமிழியோடு உடனே மேலே வர வேண்டும். சூடு போதாத எண்ணெயில் போட்டால் முறுக்கு எண்ணெயைக் குடித்துவிடும். அப்படிச் சுட்டது அடுத்த நாள் தாளில் வைத்தால் தாள் நனையும்.

காலையில் ஒரு மேடு

ஓட வேண்டாம், தனியாகப் பயிற்சி செய்யவும் வேண்டாம். லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்கித் திரும்பி ஏறுவதே பல தோட்டங்களில் 100 மீட்டர் உயரம் வரும். படிக்கட்டு என்றால் 15 சென்டிமீட்டர் உயரமுள்ள படிகள் ஏறத்தாழ 670 சேர்ந்தால் 100 மீட்டர். கோயில் படியையோ லயத்துப் படியையோ எண்ணி வைத்தால் எத்தனை தடவை என்று தெரிந்துவிடும். சொந்தக்காரர் வீடுகளுக்கும் திரீவீலர் இல்லாமல் குறுக்குப் பாதையில் நடந்தே போங்கள், பாதிக் கணக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

கொழும்பிலிருந்து வந்த முதல் நாள் மூச்சு வாங்கும். 1,868 மீட்டரில் இருக்கும் நுவரெலியாவில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசன் கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே முதல் நாள் பாதி வேகம். ஏறும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். பேச்சு இரண்டு சொல்லில் அறுந்தால் நின்று மூச்சு வாங்கிவிட்டு ஏறுங்கள். நெஞ்சில் இறுக்கம், இடது கையில் அல்லது தாடையில் வலி வந்தால் அது மேட்டின் குற்றம் இல்லை, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் அடிபடுகிறார்கள். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது, அதனால்தான் மறுநாளும் அதற்கு மறுநாளும் தொடை கனத்து வலிக்கிறது. அடியைச் சின்னதாக எடுத்து வையுங்கள், முழங்காலை விறைப்பாக நீட்டி ஊன்றாமல் லேசாக மடக்கி ஊன்றுங்கள், கால் நகத்தை முதல் நாளே வெட்டிவிடுங்கள். பாசி பிடித்த சிமெந்துப் படியில் ரப்பர் செருப்போடு இறங்குவது மிக ஆபத்து. அடியில் பள்ளம் பள்ளமாக வெட்டிய சப்பாத்து வேண்டும், பெரியவர்களுக்கு ஒரு தடி.

நேரமும் முக்கியம். தீபாவளி வரும் ஐப்பசியில் மலைநாட்டில் பகல் சாய்ந்தால் இடியோடு மழை. அதனால் நடை காலையில்தான், ஆனால் இருட்டோடு வேண்டாம். சிறுத்தை நடமாடும் தோட்டங்களில் நன்றாக விடிந்தபின், ஆறரைக்குப் பிறகு கிளம்புங்கள். எந்த நம்பர் மலையில் (தேயிலை மலைகளுக்கு நம்பர் உண்டு) குளவிக் கூடு இருக்கிறது என்று அங்கே வேலை செய்கிறவர்களிடம் கேட்காமல் தேயிலைக்குள் நுழையாதீர்கள். குளவி கிளம்பினால் தலையையும் முகத்தையும் துணியால் மூடிக்கொண்டு அந்த இடத்தைவிட்டு வேகமாக விலக வேண்டும், அடித்து விரட்ட நிற்கக் கூடாது. பல கொட்டு வாங்கியவரை, அவர் நன்றாக இருக்கிறேன் என்றாலும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இந்த நடையில் ஒரு அநியாயம் இருக்கிறது. ஊருக்கு வந்த ஆண் நடக்கப் போவார், அல்லது கேரம் பலகைக்கு முன்னால் உட்காருவார். வந்த பெண் நேரே அடுப்படிக்குப் போய்விடுவாள். நாள் முழுக்க அடுப்படியில் நின்றால் கால் வீங்கும், முதுகு வலிக்கும், நடந்த பலன் கிடைக்காது. காலையில் ஒரு முக்கால் மணித்தியாலம் தேங்காய் துருவுவதையும் பிள்ளைகளைப் பார்ப்பதையும் ஆண்கள் எடுத்துக்கொண்டால் வீட்டுப் பெண்கள் ஒன்றாகச் சேர்ந்து நடந்து வரலாம். இதை வீட்டில் யாராவது ஒருவர் முதல் நாளே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், தானாக நடக்காது.

சாராயத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 50 மில்லி சாராயத்தில் ஏறத்தாழ 90 கலோரி என்பது சின்ன விஷயம். குடித்துவிட்டு இருட்டில், மழையில், கைப்பிடி இல்லாத படியில் இறங்குவதுதான் பெரிய விஷயம். சூடாக இருப்பதுபோலத் தோன்றினாலும் உடம்புச் சூடு வெளியேறிக்கொண்டிருக்கும். குடிக்கிறவர் குடித்த வீட்டிலேயே படுக்கட்டும்.

பஸ்ஸில்

ஹட்டன் பஸ்ஸில் அவிசாவளை வரை பிரச்சினை இல்லை. கித்துல்கலை தாண்டி கினிகத்தேனைக்கு ஏறும் வளைவுகளில்தான் வயிறு புரளும். வெறும் வயிற்றோடு ஏறுவதும் தவறு, கொத்து ரொட்டியோடு ஏறுவதும் தவறு. கிளம்ப ஒரு மணித்தியாலத்துக்கு முன் இரண்டு இட்லியோ, பாணும் அவித்த முட்டையுமோ, ஒரு வாழைப்பழமும் போதும். முன் பக்கத்து ஆசனம் பிடித்து, தூரத்து ரோட்டைப் பாருங்கள், கைபேசியை வளைவுகளில் பார்க்காதீர்கள். வாந்தி மாத்திரை குடிப்பதென்றால் வளைவு தொடங்கிய பிறகு குடித்துப் பயனில்லை, புறப்பட அரை மணி, ஒரு மணித்தியாலத்துக்கு முன்பே வேண்டும். பஸ் நிற்கும் இடத்தில் ரோல்ஸ், பட்டிஸ் கண்ணாடிப் பெட்டியைவிட அவித்த கடலையும் இளநீரும் எவ்வளவோ மேல். பொரித்த எண்ணெய் அடுத்த வளைவில் தொண்டைக்கு வரும்.

பெண்கள் பலர் வழியில் நல்ல மலசலகூடம் இல்லையென்று காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. ஊர் போய்ச் சேரும்போது தலைவலி, அடுத்த இரண்டு நாள் மலச்சிக்கல், சிலருக்குச் சிறுநீர் எரிச்சல். மணிக்கு ஒருமுறை அரை கிளாஸ் அளவில் குடித்து, பஸ் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் தேவை இருக்கிறதோ இல்லையோ போய் வருவது இதற்கு வழி. மேலே போன பிறகும் குளிரில் தாகம் தெரியாது, அதனால் நேரம் பார்த்துக் குடிக்க வேண்டும்.

மாத்திரை குடிக்கிறவர்கள்

மண் சரிந்து ரோடு மூடினால் நாலு மணித்தியாலப் பயணம் எட்டாகும். நீரிழிவுக்கு இன்சுலின் போடுகிறவரும் கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரை குடிக்கிறவரும் சாப்பாடு தாமதமானால் சர்க்கரை இறங்கி மயங்கக்கூடும். மெட்ஃபோர்மின் மட்டும் குடிக்கிறவருக்கு அது அரிது. வியர்வை, நடுக்கம், திடீர்ப் பசி, பேச்சுக் குழறல் தெரிந்தால் 15 கிராம் சீனி, அதாவது ஏறத்தாழ நாலு மட்டக் கரண்டி, தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்ததும் பிஸ்கட்டோ பாணோ சாப்பிட வேண்டும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இந்த மருந்துக்காரர் வெறும் வயிற்றில் சாராயம் குடித்தாலும் இதே நிலைதான் வரும், பார்க்கிறவர்கள் குடிவெறி என்று நினைத்துப் படுக்க விட்டுவிடுவார்கள். மருந்தையும் கிளினிக் கொப்பியையும் கைப்பையில் வையுங்கள், பஸ்ஸின் பின் பெட்டியில் போடாதீர்கள். இன்சுலினை எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்தால் சூட்டில் கெட்டுவிடும்.

ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு நீரிழிவு என்றால் இரவில் அவர்களின் பாதத்தை டோச் லைட் அடித்து நீங்களே பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலில் அட்டை கடித்ததும் முள் குத்தியதும் அவர்களுக்குத் தெரியாது. விரல் இடுக்கில் வெள்ளையாக ஊறிய தோல், குதிகால் வெடிப்பு, சிவந்த இடம், சின்னப் புண் என்று எது இருந்தாலும் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்து, சுத்தமான துணி கட்டுங்கள். இரண்டு நாளில் காயாவிட்டால், சிவப்புப் பரவினால், லீவு முடிவதற்குள் நீங்கள் இருக்கும்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். நீங்கள் பஸ் ஏறிய பிறகு அவர்கள் தனியாகப் போக மாட்டார்கள்.